நீலப் பெட்டி திரும்பி வந்த கதை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "உனக்குப் பிடிச்ச எதைப் பத்தி வேணாலும் பேசு, உன் கம்பெனியைப் பத்தி மட்டும் பேசாதே" என்றார். (சிரிப்பு) ஆகவே ஒரு டெலிவிஷன் தொடரைப் பற்றிப் பேசப் போகிறேன். இன்ஜினீயரிங் காலேஜ் மேடையில் டி.வி. சீரியலா என்று முதல்வர் அய்யா பார்க்கிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் சார், முடிவில் நம்ம விஷயத்துக்கு வந்துடுவேன்.

தொடரின் பெயர் 'டாக்டர் ஹூ'. இங்கிலாந்தின் பி.பி.சி. தயாரிப்பு. வேலை விஷயமாக நான் வேல்ஸில் கார்டிஃப் நகரத்தில் இரண்டு வருஷம் இருந்தேன். நின்றுபோன இந்தத் தொடரை 2005-ல் மறுபடி எடுத்த ஊர் அதுதான். எங்கள் ஆபீஸில் டீ நேரத்தில் ரக்பிக்கு அடுத்தபடியாக அதிகம் சண்டை நடந்தது இதைப் பற்றித்தான். செத்துப்போன ஒன்றை மறுபடி உயிர்ப்பிக்கலாமா, உயிர்ப்பித்தால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? பழைய மெஷினை ஓவர்ஹால் பண்ணுகிற நமக்கெல்லாம் தெரிஞ்ச கேள்விதானே?

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிடறேன். டாக்டர் என்று மட்டும் பெயர் சொல்லிக்கொள்ளும் ஒரு வேற்றுக்கிரகவாசி. அவரிடம் காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் ஒரு கலம். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் காலத்து லண்டன் தெருக்களில் நின்ற நீலநிற போலீஸ் பெட்டி. உள்ளே போனால் பெரிய கூடம். அவர் கையில் துப்பாக்கி கிடையாது. புத்தியும் பேச்சும்தான் ஆயுதம். கூடவே நம்மைப் போல ஒரு சாதாரண மனிதர் பயணம் போவார். அவ்வளவுதான் சட்டகம். இதற்குள் எந்தக் கதையையும் வைக்கலாம்.

முதல் பகுதி ஒளிபரப்பானது 1963 நவம்பர் 23. முந்தின நாள்தான் கென்னடி சுடப்பட்டிருந்தார். யார் மனமும் டி.வி. கதையில் இல்லை. அடுத்த வாரம் முதல் பகுதியை மறுபடி போட்டுவிட்டுத்தான் இரண்டாம் பகுதியைப் போட்டார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் 27 வயதுப் பெண். முதல் கதையின் இயக்குநர் வாரிஸ் ஹுசைன், நம்ம லக்னோவில் பிறந்தவர், வயது 24. தம்பிகளா, உங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர்.

பட்ஜெட் மிகச் சின்னது. கலம் கிளம்பும் சத்தத்துக்கு பிரையன் ஹாட்ஜ்சன் என்பவர் ஒரு பழைய பியானோவின் கனத்த கம்பிகள்மேல் வீட்டுச் சாவியை இழுத்துத் தேய்த்தார். அந்த ஒலியைத்தான் ரெக்கார்ட் பண்ணி மாற்றி மாற்றிச் செய்தார்கள். ரான் கிரைனர் எழுதிய தொடக்க இசையை டீலியா டெர்பிஷைர் என்ற பெண்மணி உருவாக்கினார். சின்தசைசர் எல்லாம் கிடையாது. ஒவ்வொரு சுரத்தையும் டேப்பில் பதிந்து, வெட்டி, ஒட்டி, கோத்தார். இதைக் கேட்டபோது நம்ம லேப் ஞாபகம்தான் வந்தது. இல்லாததை வைத்துச் சமாளிப்பதில் அவர்களும் நம்ம ஜாதிதான். (சிரிப்பு)

1966-ல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலுக்கு உடல்நிலை சரியில்லை. நாயகனே போய்விட்டால் தொடரை மூட வேண்டியதுதானே? அவர்கள் மூடவில்லை. டாக்டரின் இனத்தவர் சாகும் தறுவாயில் உடம்பையே புதுப்பித்துக்கொள்வார்கள் என்று கதையில் வைத்தார்கள். அக்டோபர் 29 அன்று ஹார்ட்னல் கீழே விழுந்தார், பேட்ரிக் டிரௌட்டன் எழுந்தார். முகம் வேறு, குணம் வேறு, ஆள் அதே ஆள். இந்த ஒரு ஏற்பாட்டால்தான் தொடர் 26 சீசன் ஓடியது. மாற்றத்துக்கு டிசைனிலேயே இடம் விட்ட தொடர் இது. ஆனால் இதன் ரசிகர்களைப் போல மாற்றத்துக்கு பயப்படுகிறவர்களையும் நான் பார்த்ததில்லை!

பயத்துக்குக் காரணம் உண்டு. டேப் விலை அதிகம் என்பதால் பி.பி.சி. பழைய பகுதிகளை அழித்து, அதே டேப்பில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தது. முதல் ஆறு வருஷத்தில் வந்தவை 253 பகுதிகள். வெளிநாட்டு நிலையங்களிலும் தனியாரிடமும் தேடித்தேடிச் சிலவற்றை மீட்டார்கள். 2013-ல் நைஜீரியாவில் கிடைத்த ஒன்பதையும் சேர்த்த பிறகும் 97 பகுதிகளுக்குப் படம் இல்லாமல்தான் இருந்தது. ஆனால் ஒலி? அழிந்த பகுதிகள் எல்லாவற்றுக்கும் ஒலி இருக்கிறது! அன்றைக்கு வீட்டில் டேப் ரெக்கார்டரை டி.வி. பக்கத்தில் வைத்துப் பதிந்த ரசிகர்கள் சிலர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பின்னாளில் அந்த ஒலிக்கு அனிமேஷன் சேர்த்துப் பல கதைகளை வெளியிட்டது பி.பி.சி. நிறுவனம் அழித்ததை, பார்த்தவன் காப்பாற்றினான்.

1985-ல் பி.பி.சி. 1-ன் தலைவர் மைக்கேல் கிரேட் தொடரை ஒன்றரை வருஷம் நிறுத்தி வைத்தார். ரசிகர்கள் கொதித்தார்கள், எதிர்ப்புத் தெரிவித்து ஒரு பாட்டுக்கூட வெளிவந்தது. பாட்டு எடுபடவில்லை, தொடர் மட்டும் எப்படியோ திரும்பியது. 1989 டிசம்பர் 6-ந் தேதி கடைசிப் பகுதி. நிறுத்திவிட்டோம் என்று யாரும் முறையாகச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் எடுக்கவில்லை, அதற்கடுத்த வருஷமும் எடுக்கவில்லை. அப்படியே போய்விட்டது.

எங்கள் ஆபீஸில் ஒரு பெரியவர் இருந்தார், டிராயிங் செக் பண்ணுகிறவர். அவர் சொல்வார்: "திரும்ப வரணும்னு வருஷக்கணக்கா ஆசைப்பட்டேன். வரப் போகுதுன்னு செய்தி வந்த அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலே." ஏன் சார் என்று கேட்டேன். மூணு பயம் சொன்னார். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வேறு எதையோ எடுத்துவிடுவார்களோ என்பது ஒன்று. எங்களை மாதிரிக் கிழவர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி எடுத்து, எங்கள் பிள்ளைகள் சேனலை மாற்றிவிடுமோ என்பது இரண்டு. தோற்றுப்போனால், "பார்த்தாயா, இதுக்கு மார்க்கெட் இல்லை" என்று கதவை நிரந்தரமாகப் பூட்டிவிடுவார்களே என்பது மூன்று. "வராம இருந்தா, வரும்னு நம்பிக்கையாவது மிச்சமிருக்கும்" என்றார்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 1996-ல் அப்படித்தான் நடந்தது. அமெரிக்கக் கம்பெனிகளோடு சேர்ந்து ஒரு டெலிவிஷன் படம் எடுத்தார்கள். டாக்டராக வந்த பால் மெக்கான் அருமையாக நடித்தார், செட்டெல்லாம் பிரமாதம். ஆனால் படம் எங்கே ஆரம்பிக்கிறது? பழைய டாக்டரில். அவர் சுடப்பட்டு, ஆஸ்பத்திரியில் செத்து, வேறு முகத்தோடு எழுந்திருக்கிறார். முதல்தடவை பார்க்கிறவனுக்கு, யார் இவர், ஏன் முகம் மாறுது, எதுவும் தெரியாது. இதற்கு நடுவில் டாக்டரின் அம்மா மனித இனம் என்று ஒரு புது விஷயம் வேறு. புதியவனுக்குப் புரியவில்லை, பழையவனுக்குப் பிடிக்கவில்லை. இங்கிலாந்தில் 90 லட்சத்துக்கு மேல் பார்த்தார்கள். தொடர வேண்டுமானால் அமெரிக்காவில் ஓடியிருக்க வேண்டும். அங்கே சுமார் 56 லட்சம்தான். போதவில்லை. கதவு இன்னும் ஒன்பது வருஷத்துக்கு மூடிக்கொண்டது.

அந்த இருண்ட வருஷங்களில் ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புலம்பியவர்கள் புலம்பினார்கள், அது எங்கேயும் உண்டு. இன்னொரு கூட்டம் உட்கார்ந்து எழுதியது. 1991-லிருந்து விர்ஜின் பதிப்பகம் புதிய டாக்டர் ஹூ நாவல்களை வெளியிட்டது. 1999-லிருந்து பிக் ஃபினிஷ் என்ற நிறுவனம் பழைய நடிகர்களையே அழைத்து ஒலி நாடகங்கள் போட்டது. பெரிய சம்பளம், பெரிய பெயர் எதுவும் இல்லாத வேலை. ஆனால் யார் யார் எழுதினார்கள் பாருங்கள். 1996-ல் ஒரு நாவல் எழுதிய ரஸல் டி. டேவிஸ்தான் 2005-ல் தொடரைத் திருப்பிக் கொண்டுவந்தவர். பால் கார்னெல் 1995-ல் எழுதிய நாவல் 2007-ல் டி.வி.யில் வந்தது. ராபர்ட் ஷியர்மன் எழுதிய ஒலி நாடகம் ஒன்றின் கருவிலிருந்து 2005-ன் ஒரு பகுதி பிறந்தது. ஒலி நாடகத்தில் சின்ன வேஷம் போட்ட டேவிட் டென்னன்ட் பிற்பாடு டாக்டராகவே ஆனார். பதினைந்து வருஷம் தொடர் இல்லை. ஆனால் பட்டறை மூடவே இல்லை.

2003 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. உடனே கவலையும் வந்தது. பாப் பாடகியாக இருந்த பில்லி பைப்பரை நாயகியாகப் போட்டார்கள், "பாடகிக்கு இங்கே என்ன வேலை?" என்றார்கள். டாலெக் என்ற புகழ்பெற்ற எதிரி இயந்திரங்களின் உரிமை பற்றிய பேச்சு 2004-ல் முறிந்தது, பிறகு கூடியது. முதல் பகுதி ஒளிபரப்புக்கு முன்னாலேயே இன்டர்நெட்டில் கசிந்தது. இவ்வளவையும் தாண்டி 2005 மார்ச் 26 அன்று வந்தது. பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 8 லட்சம்.

டேவிஸ் என்ன செய்தார்? கதையை டாக்டரிடமிருந்து ஆரம்பிக்கவில்லை. கடையில் வேலை செய்யும் 19 வயது ரோஸ் என்ற பெண் காலையில் அலாரம் அடித்து எழுந்திருப்பதிலிருந்து ஆரம்பித்தார். டாக்டர் யாரென்று அவளுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. அவள் கேட்கும்போது நாமும் கேட்டுக்கொள்கிறோம். டாக்டரின் சொந்தக் கிரகம் ஒரு பெரும் போரில் அழிந்துவிட்டது என்று வைத்தார். 26 சீசனில் சேர்ந்த வரலாற்றுச் சிக்கலை ஒரே வெட்டில் ஒதுக்கினார். தெரிந்தவனுக்கு அது துக்கம், தெரியாதவனுக்கு ஒரு மர்மம். பெட்டி அதே நீலப் பெட்டி. சத்தம் அதே சாவிச் சத்தம். துப்பாக்கி கிடையாது. நடுவில் ஒரு சாதாரண மனுஷி. அஸ்திவாரத்தில் கை வைக்காமல், வாசற்படியை மட்டும் தெருவில் புதிதாக வருகிறவன் பக்கம் திருப்பி வைத்தார். நேசித்தவர்கள் கட்ட வேண்டும், பார்த்தே இராதவர்களுக்காகக் கட்ட வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1986-ல் பி.பி.சி.யின் ஒரு நிகழ்ச்சியில் 16 வயதுப் பையன் ஒருவன் ரசிகர்கள் சார்பில் வந்து, தொடர் சரியில்லை என்று அதை எழுதினவர்கள் முகத்துக்கு நேரே சொன்னான். பெயர் கிறிஸ் சிப்னல். 2018-ல் தொடரின் பொறுப்பு அவர் கைக்கே வந்தது! ஜோடி விட்டேகரை முதல் பெண் டாக்டராக்கினார். 2020-ல் டாக்டரின் பிறப்பு ரகசியத்தையே மாற்றி எழுதினார். அப்போது எத்தனையோ பதினாறு வயதுப் பையன்கள் அவரைத் திட்டினார்கள். நேற்று நாம் கேட்ட கேள்வி நாளை நம்மிடமே வரும் என்று தெரிந்தால், கேட்கும்போதே கொஞ்சம் பொறுப்பாகக் கேட்போம். ஆனால் அவர் காலத்தில்தான் 1947 பிரிவினையைப் பற்றி வினய் படேல் எழுதிய பஞ்சாப் கதையும் வந்தது. 1963-ல் டாக்டரோடு முதலில் பயணம் போனவர்கள் ஒரு விஞ்ஞான டீச்சரும் ஒரு சரித்திர டீச்சரும். குழந்தைகளுக்கு விஞ்ஞானமும் சரித்திரமும் சொல்லத்தான் தொடரையே ஆரம்பித்தார்கள். அந்தப் பஞ்சாப் கதையில், தன் பாட்டியின் கல்யாண நாளுக்குப் போய் நிற்கிறாள் ஒரு பேத்தி. 55 வருஷத்துக்கு முன்னால் போட்ட அஸ்திவாரம் இன்னும் தாங்குகிறதென்று அப்போது தெரிந்தது.

இப்போது மறுபடியும் கவலைக் காலம். 2022-ல் டிஸ்னியோடு கூட்டு என்று அறிவித்தார்கள், பணம் வந்தது, பளபளப்பு வந்தது. 2025 மே மாதத்தில் டாக்டராக இருந்த ந்சூட்டி காட்வா விடைபெற்றார். அதே வருஷம் அக்டோபரில் டிஸ்னி கூட்டில் தொடராது என்று பி.பி.சி. அறிவித்தது. ஒரு கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதி உண்டு என்றார்கள். அந்தப் பெரியவர் எனக்கு மெசேஜ் அனுப்பினார்: "மறுபடி தூக்கம் போச்சு." நான் பதில் போட்டேன்: "பரவாயில்லை சார், சாவியும் பியானோவும் அங்கேயேதான் இருக்கு." பெரிய பணம் இல்லாமல் பிறந்த தொடர் அது. எங்கேயோ ஒரு பையனோ பெண்ணோ இந்நேரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நம்புகிறேன்.

முதல்வர் அய்யாவுக்குக் கொடுத்த வாக்குப்படி நம்ம விஷயத்துக்கு வருகிறேன். முன்னாள் மாணவர்கள் எல்லோருமே ஒருவகையில் ரசிகர்கள்தான். "எங்க காலத்துல மெஸ் சாப்பாடு எப்படி இருக்கும் தெரியுமா?" என்று காலையிலிருந்து எத்தனை பேர் சொல்லியிருப்போம்! (சிரிப்பு) அந்த வருத்தத்தில் அன்பு இருக்கிறது, தப்பே இல்லை. அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்கள் வீட்டு பீரோவில் பழைய ஆண்டு மலர், லேப் நோட்டு, விழா போட்டோ ஏதாவது இருந்தால் அடுத்த தடவை வரும்போது எடுத்து வாருங்கள். எது தொலைந்தது என்று காலேஜுக்கே தெரியாமல் இருக்கலாம். டேப் ரெக்கார்டர் வைத்திருந்தது நாம்தான்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு: நீங்கள் புதிதாக எதையாவது ஆரம்பித்தாலும், நின்றுபோன எதையாவது மறுபடி எடுத்தாலும், எங்களைக் கேளுங்கள். ஆனால் எங்களுக்காகச் செய்யாதீர்கள். அடுத்த வருஷம் பெட்டியும் படுக்கையுமாக வந்து, ஹாஸ்டலுக்கு எந்தப் பக்கம் போகணும்னு கேட்டு மெயின் கேட்டில் நிற்கப் போகிற பையனுக்காகச் செய்யுங்கள். அவனுக்குப் புரிந்தால் எங்களுக்கும் பிடித்துவிடும்.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துக்கொள்கிறேன்.