பந்து பறிபோன பிறகு



கண்டியில் விளையாட்டென்று பேச்செடுத்தால் முதலில் வாயில் வருவது றக்பிதான். நித்தவெல மைதானத்துக்கு வருடக்கணக்காகப் போய்வரும் ஒருவரிடம் ஒரு விங்கரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எத்தனை ட்ரை வைத்தான் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லுவார். சொல்லிவிட்டு, "ஆனால் டக்கிள் பண்ண மாட்டான்" என்று ஒரு வார்த்தை சேர்ப்பார். அதோடு அந்த விங்கரின் மதிப்புப் பாதியாகிவிடும்.

அதே மனிதர் ஹொக்கி பார்க்க வந்தால் மூன்று கோல் அடித்த பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொள்ளுவார். பந்து பறிபோன நேரங்களில் அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று அவர் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நான் பாடசாலை அணியில் ரைட் ஹாஃப் ஆடியவன். எனக்கு முன்னால் ரைட் விங்கில் நின்றவன் அந்த வருடம் எங்கள் அணியில் ஆகக்கூடிய கோல் அடித்தவன். பந்தோடு அவன் ஓடுவதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். பந்து கைவிட்டுப் போனால் மட்டையை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவான். எதிரணியின் லெப்ட் ஹாஃப் பந்தோடு நிம்மதியாக ஏறிவருவான். அவர்களுடைய லெப்ட் விங்கும் ஓடிவருவான். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருவன். ஒருவனைப் பிடித்தால் மற்றவனிடம் பந்து போகும். ஒரு ஆட்டத்தில் அந்தப் பக்கத்தால் மட்டும் மூன்று கோல் வாங்கினோம். நாங்கள் அடித்த இரண்டும் அவனுடையவை. மறுநாள் அசெம்பிளியில் கைதட்டு அவனுக்கு, பின்னேரப் பயிற்சியில் ஏச்சு எனக்கு. இத்தனை வருடம் போன பிறகும் அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அன்று எங்களை வென்றவர்கள் மாத்தளைப் பிள்ளைகள். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, அக்குறணை தாண்டிப் போனால் வருகிற ஊர். நமக்கு றக்பி எப்படியோ அவர்களுக்கு ஹொக்கி அப்படி. அவர்களுடைய முன்வரிசைக்காரர்கள் பந்தை இழந்த அந்தக் கணத்திலேயே திரும்பி, பந்து வைத்திருப்பவன் மேல் விழுவார்கள். நமது பின்வரிசைக்குப் பந்தை நிறுத்தித் தலைநிமிர நேரம் கிடையாது.

தற்காப்பு என்றதும் கோல் அடிப்பவன் தன் கோல் வாசல்வரை ஓடிவந்து நிற்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஓடவைத்தால் அவன் களைத்துப்போவான், அடிக்கவும் ஆளிராது. முன்வரிசை வீரனின் தற்காப்பு எதிரணியின் பாதியில், பந்து போன முதல் நாலைந்து விநாடியில் நடப்பது. பந்து வைத்திருப்பவன் எந்தப் பக்கம் தள்ள நினைக்கிறானோ அந்த வழியை மட்டையால் மறித்து, நமது ஆட்கள் காத்திருக்கும் பக்கமாக அவனைத் திருப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பறிப்பதைப் பின்னால் நிற்பவன் பார்த்துக்கொள்ளுவான்.

நமது மலைநாட்டு மைதானங்களில் இதற்கு இன்னும் பலன் உண்டு. பல பாடசாலைகளில் ஒரே புல்தரையில்தான் கிரிக்கெட்டும் றக்பியும் ஹொக்கியும். மழைக்குப் பிறகு மேடு பள்ளமான தரையில் பந்து எங்கே எகிறும் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட தரையில் நெருக்கப்படும் பின்வரிசை வீரன் தவறு செய்தே தீருவான். அந்தத் தவறு அவனுடைய கோலுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. சும்மா நின்ற விங்கர், தான் அடித்திருக்கக்கூடிய இன்னொரு கோலையும் சேர்த்துத்தான் விட்டுவிடுகிறான்.

"தியான் சந்த் எப்போது பின்னால் ஓடிவந்தார்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல கேள்வி. 1932இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் தியான் சந்த் ஆடிய இந்திய அணி இலங்கையில் இறங்கி இரண்டு ஆட்டம் ஆடியது. அகில இலங்கை அணி ஒன்றில் 20 கோலும் மற்றதில் 10 கோலும் வாங்கியது, திருப்பி ஒன்றும் அடிக்கவில்லை. பிறகு லொஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்காவை 24–1 என்று வென்றார்கள். ரூப் சிங் 10, அண்ணன் தியான் சந்த் 8. பந்து எதிரணியிடம் போய் நிற்காத ஆட்டத்தில் பறிக்க ஓட வேண்டிய தேவையே எழாது. அந்த ஆட்டம் இன்று இல்லை. 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்தது, பந்தின் வேகம் கூடியது. 1990களின் பிற்பகுதியில் ஓஃப்சைட் விதியும் போய்விட்டது. எதிரணிக்காரன் உங்கள் கோல் வாசலிலேயே வந்து நிற்கலாம். அவனுக்கு நீளமாக ஒரு பந்து போகாமல் தடுக்க வேண்டியவன், அதை அடிப்பவனுக்கு எதிரே நிற்கும் உங்கள் முன்வரிசைக்காரன்தான்.

அதற்கு ஓர் உதாரணம்: 2024 ஓகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக் ஹொக்கிக் காலிறுதி. பிரித்தானியாவுக்கு எதிரான ஆட்டத்தின் 17ஆவது நிமிடத்திலேயே இந்தியாவின் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மிச்சம் நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்துப் பேர்தான். அதிலும் ஹர்மன்பிரீத் சிங் ஒரு கோல் அடித்தார், பிரித்தானியா ஒன்று திருப்பியது, 1–1. ஷூட்டவுட்டில் 4–2 என்று இந்தியா வென்றது. கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷைப் புகழ்ந்து எல்லோரும் எழுதினார்கள், அது தகும். என் கண்ணில் நிற்பது முன்வரிசைக்காரர்கள். கோல் அடிக்கவென்று தெரிவானவர்கள், ஆட்டம் முழுக்கப் பின்னால் வந்து வழிமறித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த ஒலிம்பிக்கில் ஆகக்கூடிய கோல் அடித்தவர் ஹர்மன்பிரீத், பத்து. அவர் விளையாடுவது பின்வரிசையில்!

டொரொன்டோவில் உறவினர் இருக்கிற வீடுகளில் பனி ஹொக்கியும் பேச்சில் அடிபடும். அங்கே இந்த வழக்கு இன்னும் சூடானது. நன்றாகத் தற்காக்கும் முன்வரிசை வீரருக்கென்றே செல்கி கிண்ணம் என்று 1978 முதல் ஒரு விருது கொடுக்கிறார்கள். டெட்ரொயிட் அணியின் தலைவராக இருந்த ஸ்டீவ் ஐசர்மன் 1988–89 பருவத்தில் 65 கோல் அடித்தவர். பிறகு பயிற்றுநர் ஸ்கொட்டி போமனின் கீழ்த் தன் ஆட்டத்தையே மாற்றினார். கோல் குறைந்தது. 42 வருடமாகக் கிடைக்காத சம்பியன் பட்டமான ஸ்டான்லி கிண்ணம் 1997இல் அந்த ஊருக்கு வந்தது, மறு வருடமும் வந்தது. 2000இல் செல்கி கிண்ணமும் அவருக்கே.

ஆனாலும் கணக்கை மட்டும் நம்பக்கூடாது. அங்கே ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது தன் அணி கோல் அடித்தால் அவருக்குக் கூட்டல் ஒன்று, வாங்கினால் கழித்தல் ஒன்று. 2013–14இல் அலெக்சாண்டர் ஒவெச்கின் 51 கோல் அடித்தார், இந்தக் கணக்கில் கழித்தல் 35. ஊரே திட்டியது. எதிரணியில் ஆள் குறைந்த நேரம் அடிக்கும் கோல் அந்தக் கூட்டலில் சேராது என்பதும், கூட நிற்பவர்களின் தவறும் அவர் தலையில் விழும் என்பதும் பலருக்கு நினைவில் இல்லை. 2018இல் அவர் தலைமையில்தான் வொஷிங்டன் அணி ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. ஆகவே இலக்கத்தைப் பார்த்துத் தண்டிப்பதை நான் ஏற்கமாட்டேன். கண்ணால் பார்த்து மதிப்பிட வேண்டும்.

பார்த்ததை எழுதியும் வைக்க வேண்டும். கிரிக்கெட்டைப் பாருங்கள். கண்டியில் பிறந்து கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த நமது சுழற்பந்து வீச்சாளர் முரளியின் டெஸ்ட் விக்கெட்டுகள் 800. அதில் 77 மஹேல ஜயவர்தனவின் கைக்குப் போன பிடிகள். அது நமக்கு எப்படித் தெரியும்? கிரிக்கெட் ஸ்கோர் அட்டையில் பந்து வீசியவர் பெயருக்குப் பக்கத்தில் பிடித்தவர் பெயரும் இருக்கிறது. ஹொக்கி ஆட்டம் முடிந்து பத்திரிகைக்குப் போகும் குறிப்பில் கோல் அடித்தவர் பெயர் மட்டுந்தான். அந்தக் கோலுக்கு முன் பந்தைப் பறித்துக் கொடுத்தவன் யாரென்று எந்தத் தாளிலும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்தக் குறிப்பைப் படித்துத்தான் எதற்கு மதிப்பு என்று கற்றுக்கொள்கிறது.

பயிற்றுநர்களிடமும் ஒரு வார்த்தை. ஹொக்கியில் ஆளை எத்தனை தடவையும் மாற்றலாம். ஆனாலும் கோல் அடிக்கும் பிள்ளையை வெளியே எடுக்க மனமில்லாமல் கடைசிவரை ஓடவிடுகிறோம். ஐந்தாறு நிமிடம் முழுமூச்சாக நெருக்கிவிட்டு இரண்டு நிமிடம் வெளியே உட்கார விடுங்கள். சோம்பேறி என்று நாம் ஏசுகிற பிள்ளை பல நேரம் வெறுமனே களைத்த பிள்ளை. என் ரைட் விங்கும் ஒருவேளை அப்படித்தான் இருந்திருப்பான். அன்று அவனை யாரும் ஒரு நிமிடமாவது உட்காரச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

வருகிற பாடசாலைப் பருவத்தில் நான் ஒரு சீ.ஆர். கொப்பியோடு மைதானத்துக்கு வரப்போகிறேன். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரேயும் இரண்டு நிரல்: அடித்த கோல் ஒன்று, பறித்த பந்தும் மறித்த வழியும் மற்றது. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பொறுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போவேன். அசெம்பிளியில் இரண்டு நிரலையும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளுவேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து மறுபாதி மைதானத்தைப் பார்த்துக்கொள்ள யாராவது விரும்பினால், தாராளமாக வரலாம்.