நாயின் வாய் சுத்தமா?
(ஆத்தூர் வட்டாரத்தில் நடந்த உழவர் கூட்டம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



பயிர் பற்றிப் பேச வேண்டியவன் இன்று நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் நீங்கள்தான். போன மாதம் இதே இடத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி பற்றிப் பேசினேன். 2022 ஆம் ஆண்டு ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவி அந்தப் பூச்சியை எவ்வாறு அடக்குகிறது என்று சொல்லி முடித்து, ஐயம் இருந்தால் கேளுங்கள் என்றேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். குதிகாலில் பித்தவெடிப்பு, துணி சுற்றியிருந்தார்.

"தம்பி, இது வெள்ளாமைச் சமாச்சாரம் இல்லீங்க. நாய் வாய் மனுசன் வாயை விடச் சுத்தம்னு சொல்றாங்களே, நெசமுங்களா? எங்க நாய் தெனமும் சாயங்காலம் இந்த வெடிப்பை நக்குது. நக்கினா எரிச்சல் கொஞ்சம் அடங்குதுங்க" என்றார்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நான், "நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"அதெங்கீங்க போடறது?"

"நாய் இப்போது எங்கே?"

"முந்தாநாள்ல இருந்து காணோமுங்க."

அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அவருடைய கேள்விக்கு வருவோம். ஏனென்றால் அது ஒரு நல்ல கேள்வி.

இந்த நம்பிக்கை நம் ஊரில் மட்டும் உள்ளதன்று. பல நாடுகளில் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். நாய் தன் புண்ணைத் தானே நக்கி ஆற்றிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நாய்க்கு நம்மைப் போலச் சொத்தைப்பல் அதிகம் வருவதில்லை என்பதும் உண்மை. நம் பல்லைச் சொத்தையாக்கும் நுண்ணுயிரிகள் சர்க்கரையைப் புளிக்க வைத்து அமிலத்தை உண்டாக்குகின்றன. நாயின் உமிழ்நீர் நம்முடையதைவிடச் சற்றே காரத்தன்மை உடையது. நாய் நம்மைப் போல மிட்டாய் தின்பதும் இல்லை. ஆனால் அதே நாய்க்கு ஈறு நோய் மிகுதியாக வருகிறது. வயதான நாயின் வாயருகே முகத்தைக் கொண்டுபோனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1990 இல் நாயின் உமிழ்நீரைச் சோதித்துப் பார்த்தார்கள். குட்டிகளைத் தாக்கும் இரண்டு வகைப் பாக்டீரியாக்களை அந்த உமிழ்நீர் கொன்றது. தாய் நாய் தன் மடியையும் குட்டியையும் நக்குவதில் பொருள் இருக்கிறது என்று இதனால் தெரிந்தது. ஆனால் புண்ணில் சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்டெபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவிடம் அதே அளவு பலன் காணவில்லை. நம் உமிழ்நீரிலும் இத்தகைய கிருமிகொல்லிப் பொருள்கள் உண்டு. அதற்காக நாம் யாருடைய புண்ணிலும் எச்சில் துப்புவதில்லை அல்லவா?

எது சுத்தம் என்று ஒப்பிடுவதே இங்கு சரிப்படாது. நெல் வயலில் கோரையும் குதிரைவாலிக் களையும் முளைக்கின்றன. மானாவாரி நிலக்கடலைக் காட்டில் அறுகும் பார்த்தீனியமும் வருகின்றன. இதில் எந்த நிலம் சுத்தம் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? இரண்டிலும் களை இருக்கிறது, களைதான் வேறு. வாயும் அப்படித்தான். மனித வாயிலும் நாய் வாயிலும் நூற்றுக்கணக்கான வகைப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று வேறானவை. நாய் வாயில் இயல்பாக இருக்கும் பாஸ்டுரெல்லா நாய்க்குத் தொல்லை தராது. நம் கையில் பல் பதிந்த இடத்தில் அது புகுந்தால் ஒரே நாளில் வீங்கிச் சிவந்துவிடும். நீரிழிவு உள்ளவர்களின் காற்புண்ணை நாய் நக்கினால், சாதாரணமாக ஒன்றும் செய்யாத கிருமிகூட உள்ளே இறங்கிக் காலுக்கும் உயிருக்கும் ஆபத்தாகலாம். இன்று நம் கிராமங்களில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு என்பதால் இதைச் சொல்கிறேன்.

வாயைப் பற்றிப் பேசும்போது, அந்த வாய் எங்கெல்லாம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். செத்த கோழியைக் கிளறுகிறது, சாக்கடையில் குடிக்கிறது, தன் பின்புறத்தையும் நக்கிக்கொள்கிறது. இந்தக் கடைசிச் செயலில்தான் ஆடு வளர்ப்போருக்கு ஒரு பெரிய சங்கதி இருக்கிறது.

மேச்சேரிச் செம்மறி வைத்திருக்கும் உங்களில் பலர், ஆடு அறுக்கும்போது ஈரலிலோ நுரையீரலிலோ தண்ணீர் நிறைந்த கட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதியை வெட்டிப் பக்கத்தில் நிற்கும் நாய்க்கு எறிந்துவிடுவோம். அந்தக் கட்டிகளில் பல, ஒரு நாடாப்புழுவின் இளம் பருவம். நாயின் குடலுக்குள் போனதும் அது சில மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு புழுவாக வளர்ந்து முட்டையிடுகிறது. முட்டை சாணத்தோடு வெளியேறிப் புல்லில் ஒட்டும். அதை ஆடு மேய்ந்தால் மறுபடியும் கட்டி. நாயின் பின்புறத்து முடியில் ஒட்டிய முட்டை, அது நக்கும்போது வாய்க்கு வந்து, அங்கிருந்து குழந்தையின் கன்னத்துக்கும் கைக்கும் போகலாம். மனிதன் விழுங்கினால் ஈரலில் அதே நீர்க்கட்டி ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து, அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோகும். ஆகவே கட்டியுள்ள ஈரலை நாய்க்குப் போடாதீர்கள். ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். பட்டி நாய்க்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள். ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்து நாயை விட்டுவிட்டால், மடையை அடைக்காமல் தண்ணீர் இறைத்த கதைதான்.

இனி வெறிநோய். ரேபிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதனால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மனிதருக்கு வருவதில் 99 விழுக்காடு நாய் மூலமாகவே வருகிறது. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பவர் அனேகமாக எவரும் இல்லை. இந்த வைரஸ் தங்கும் இடம் நாயின் உமிழ்நீர். நாய் வெறி கொண்டு ஓடத் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பே, பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே, எச்சிலில் வைரஸ் வந்துவிடும். கடித்தால்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். எச்சில் வெடிப்பிலோ, கீறலிலோ, உதட்டிலோ, கண்ணிலோ பட்டாலும் போதும். முழுமையான தோலில் நக்கினால் கழுவிக்கொண்டால் போதும், மருத்துவம் வேண்டாம். வெடித்த தோலில் நக்கினால், அதை இரத்தம் வரக் கடித்ததற்குச் சமமாக வைத்து உலக சுகாதார நிறுவனம் மூன்றாம் வகையில் சேர்த்திருக்கிறது. நம் பெரியவரின் பித்தவெடிப்பு இந்த மூன்றாம் வகை.

நாயின் வாய் மட்டுமன்று, மாட்டின் வாயும் இதில் சேரும். என் பெரியப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கறவை மாடு ஒன்று காலையிலிருந்து தீனி எடுக்கவில்லை. வாயில் எச்சில் நூலாக ஒழுகியது. குரல் கம்மிக் கத்திக்கொண்டே இருந்தது. மரவள்ளி பிடுங்கும் பருவம் அது. கிழங்குத் துண்டு தொண்டையில் அடைத்துக்கொண்டது என்று முடிவு கட்டி, பெரியப்பா முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. முதல் நாள்தான் சோளத்தட்டு அறுத்திருந்தார், கையெல்லாம் கீறல். மாலையில் வந்த கால்நடை மருத்துவர் மாட்டைத் தொடாமல் தள்ளி நின்று, "இதை நாய் ஏதாவது கடித்ததா?" என்று கேட்டார். மாதம் ஒன்றிருக்கும், ஊர்சுற்றி நாய் ஒன்று மூக்கில் கடித்துவிட்டு ஓடியது, மஞ்சள் பூசினோம் என்றார் பெரியம்மா. மாடு நான்காம் நாள் இறந்தது. மூளையைச் சோதித்ததில் வெறிநோய் என்று உறுதியாயிற்று. பெரியப்பா ஊசி போட்டுக்கொள்ள மறுத்தார், "மாட்டுக்கு வந்தது எனக்கெப்படி வரும்?" என்பது அவர் வாதம். வீட்டுப் பெண்கள் அழுது, மகன் சண்டை போட்டு, ஒரு வழியாக வண்டியில் ஏற்றினார்கள். இன்றும் நலமாக இருக்கிறார். அந்த மாட்டின் பாலைக் காய்ச்சித்தான் குடித்திருந்தார்கள். கொதிக்கும் சூட்டில் இந்த வைரஸ் நிற்காது. ஆகவே வெறும் கையை மாட்டின் தொண்டைக்குள் விடாதீர்கள். கீழ்த்தாடை தொங்கி எச்சில் வடிக்கும் நாயைக் கண்டு எலும்பு சிக்கியது என்று வாயைத் திறந்து பார்ப்பதும் இதே ஆபத்து.

பெரியப்பா மறுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய பயம் இன்னும் ஊருக்குள் இருக்கிறது. அந்தத் தடுப்பு மருந்து ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்டது. நம் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில்கூடத் தயாரித்தார்கள். அந்த நிலையம் 1907 இல் தொடங்கியது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர், அன்றைய வைசிராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு பகுதி அதற்கும், பெரும்பகுதி பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்திற்கும் போயிற்று. பயிருக்கும் நாய்க்கடிக்கும் ஒரே பணப்பையிலிருந்து வழி பிறந்தது என்பதால், உழவியல்காரன் நாய்க்கடி பற்றிப் பேசுவதில் தவறில்லை என்று எண்ணுகிறேன். ஆட்டு மூளை ஊசி 2005 ஆம் ஆண்டுக்குள் நாடெங்கும் கைவிடப்பட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், நான்கைந்து தவணை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

கடித்தாலோ வெடிப்பில் நக்கினாலோ முதல் வேலை சோப்பு. ஓடும் தண்ணீரில், அதாவது குழாயடியிலோ மோட்டார் தண்ணீரிலோ, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். இது சாதாரண அறிவுரையாகத் தோன்றும். ஆனால் இந்த வைரசின் மேலுறை கொழுப்பால் ஆனது; எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் சோப்பு அதையும் கரைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதீர்கள், கட்டும் போடாதீர்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவது மனத்துக்கு ஆறுதலானால் ஊசி போட்ட பிறகு கட்டிக்கொள்ளுங்கள். மூன்றாம் வகைக் காயத்திற்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி ஒரு மருந்தும் செலுத்துவார்கள்; அதற்கு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். வளர்ப்பு நாயானால் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கலாம். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசிக்குப் போவோம் என்று காத்திருக்கக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட வேண்டும். நாய் பத்து நாளும் நன்றாக இருந்தால் மீதியை நிறுத்தலாமா என்பதை மருத்துவர் சொல்வார்.

உங்கள் நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி, பிறகு ஆண்டுக்கொரு முறை. தெருநாய் பற்றி நீங்கள் கேட்பீர்கள். 2024, 2025 ஆம் ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளக்கோவில், சென்னிமலைப் பக்கம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறியதும், செத்த ஆட்டைச் சாலையில் போட்டு உழவர்கள் போராடியதும் உங்களுக்குத் தெரியும். அந்த வழக்குக்கு என்னிடம் எளிய விடை இல்லை. ஆனால் கடிபட்டுப் பிழைத்த ஆட்டை அப்படியே மந்தையில் விடக் கூடாது. காயத்தைக் கழுவி, கடிபட்ட நாளிலிருந்து கணக்கிட்டு 0, 3, 7, 14, 28 ஆம் நாட்களில் கால்நடைகளுக்கும் ஊசி உண்டு. கழுவும்போது கையில் உறை மாட்டிக்கொள்ளுங்கள். உறை இல்லாவிட்டால் பாலித்தீன் பையாவது சுற்றிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவரை அன்று கூட்டம் முடிந்ததும் என் வண்டியிலேயே அழைத்துச் சென்றேன். போகும் வழியெல்லாம், "நம்ம நாய் அப்படிப்பட்டது இல்லீங்க தம்பி" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். முதல் ஊசியும் காயத்து மருந்தும் அன்றே போட்டார்கள். நாய் திரும்பி வரவே இல்லை. என்ன ஆனது என்று எவருக்கும் தெரியவில்லை. நேற்று அவருக்கு 28 ஆம் நாள் ஊசி. இன்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். குதிகாலுக்கு விளக்கெண்ணெய் பூசச் சொல்லியிருக்கிறேன். புதிதாக ஒரு குட்டி பிடித்து வந்திருக்கிறாராம். அதற்கு ஊசி போடும் தேதியை என்னிடம் எழுதி வாங்கி, வங்கிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்.