வாயுமானிக்கு இடும் கட்டளை

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் தாம் பணிபுரியும் ஆய்வுக்கூடத்திற்கு என்னை அழைத்துச் சென்றார். மேசைமீது கைக்கடக்கமான பெட்டி ஒன்று இருந்தது. குழாயின் வழியே நிமிடத்திற்கு எவ்வளவு வாயு செல்கிறது என்பதைக் காட்டும் மானி அது. அமெரிக்காவில் டூசான் நகரத்து அலிகேட் நிறுவனத்தார் செய்வது. "இதற்கு ஓர் எண்ணைத் தவறாகச் சொன்னேன், ஐயா, இரண்டு நாள் உழைப்பு வீணாயிற்று" என்றார் அவர்.

விளக்கெண்ணெயும் தண்ணீரும் ஒரே புனலில் ஒரே வேகத்தில் இறங்குமோ? வாயுக்களுக்கும் இத்தகைய பாகுத்தன்மை உண்டு. இம்மானியினுள் வாயு குறுகிய தடங்களில் சீராக ஓடுகிறது. தடத்தின் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள அழுத்த வேறுபாட்டைக் கருவி அளக்கிறது. அதனை வாயுவின் பாகுத்தன்மையால் வகுத்து ஓட்டத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் உள்ளே செல்வது எந்த வாயு என்பதைத் தானே அறியும் ஆற்றல் அதற்கு இல்லை. நாம்தான் சொல்ல வேண்டும். காற்றின் பாகுத்தன்மை ஹைட்ரஜனுடையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. காற்று என்று சொல்லிவிட்டு ஹைட்ரஜனைச் செலுத்தினால், மானி 10 என்று காட்டும்போது உண்மையில் 20க்கு மேல் சென்றுகொண்டிருக்கும். தீப்பற்றும் வாயு அது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

கணிப்பொறியிலிருந்து தொடர் இணைப்புக் கம்பி வழியாக எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிக் கட்டளை இடுகிறார்கள். வேகம் பெரும்பாலும் நொடிக்கு 19,200 துணுக்குகள். இரு பக்கமும் ஒத்திருந்தால் போதும். கட்டளையின் முதலெழுத்து மானியின் பெயர். 'ஏ' என்று அழைத்தால் 'ஏ' மட்டுமே விடை தரும். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போலத்தான். ஒரே கம்பியில் இரண்டு மானிகளுக்கு ஒரே பெயர் இருந்தால் இரண்டும் ஒருங்கே பேசிக் குழப்பும். என் வகுப்பில் இரண்டு இராமசாமிகள் இருந்த ஆண்டில் நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது!

பெயருக்குப் பின் 'ஜி' என்னும் எழுத்து, அதன்பின் வாயுவின் எண், இறுதியில் என்டர் விசை. நம் மாணவர் நைட்ரஜனுக்கு 'ஏ, ஜி, 7' என்று அனுப்பிவிட்டார். நைட்ரஜனின் அணு எண் 7 அன்றோ? பள்ளியில் அதை அவருக்கு மனப்பாடம் செய்வித்தவனே நான்தான்! ஆனால் இம்மானியின் பட்டியல் வேறு: காற்று 0, ஆர்கான் 1, ஹைட்ரஜன் 6, ஹீலியம் 7, நைட்ரஜன் 8, ஆக்சிஜன் 11. ஆகவே மானி ஹீலியம் என்றே எண்ணிக் கணக்கிட்டது. நைட்ரஜன் 100 சென்றபோது ஏறக்குறைய 90 என்று காட்டிற்று. பாதியாகக் குறைந்திருந்தால் எவரும் ஐயுற்றிருப்பர். பத்தில் ஒரு பங்கு குறைவு கண்ணில் படவில்லை.

இத்தனைக்கும் மானி உண்மையை மறைக்கவில்லை. புரியாத கட்டளை வந்தால் கேள்விக்குறி இடுகிறது. ஏற்றுக்கொண்டாலோ அழுத்தம், வெப்பநிலை, ஓட்டம் ஆகியவற்றை ஒரு வரியில் அனுப்பி, ஈற்றில் தான் கருதும் வாயுவின் பெயரையும் எழுதுகிறது. அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு வரியின் ஈற்றிலும் ஹீலியம் என்றே இருந்திருக்கிறது. அவர் ஓட்டத்தின் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறார்.

நான் இருந்தபோது 'ஏ, ஜி, 8' என்று அனுப்பினார். விடை வந்தது. ஈற்றுச் சொல்லை எனக்கும் கேட்குமாறு உரக்கப் படித்த பின்னரே உருளையின் திருகைத் திறந்தார்.