மூன்று மாதமும் மூன்று மணி நேரமும்



மானாம்பதியில் ஒருநாள் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது ஒரு பாட்டி என்னை நிறுத்தினார். "சாமி, ரோமாபுரியிலிருந்து லிஸ்பன் ரொம்ப தூரமா?" என்று கேட்டார். உரோமையில் படிக்கும் அவருடைய பேத்தி ஒரு அருட்சகோதரி. ஏதோ கூட்டத்துக்காக லிஸ்பன் போகிறாராம். "வான்வழியில் ஏறத்தாழ 1,860 கிலோமீட்டர். விமானத்தில் மூன்று மணி நேரம்தான் பாட்டி" என்றேன். "அவ்வளவுதானா! நம்ம ஊரிலிருந்து மெட்ராஸ் போகவே அவ்வளவு நேரம் ஆகுதே" என்று சிரித்தார்.

அன்று இரவு புனித சவேரியாரை நினைத்துக்கொண்டேன். அவரும் அதே வழியில் போனவர்தான். 1540 மார்ச் மாதம் உரோமையிலிருந்து புறப்பட்டார். மலைகளையும் ஆறுகளையும் கடந்து லிஸ்பன் சேர்ந்தபோது ஜூன் மாதம். மூன்று மாதப் பயணம்! பிறகு 1541 ஏப்ரல் 7 அன்று கப்பலேறி, 1542 மே 6 அன்று கோவா வந்து சேர்ந்தார். அதற்குப் பதின்மூன்று மாதம். முத்துக்குளித்துறை மக்களோடு வாழ்ந்தார். 1545-இல் நம் மயிலாப்பூரில் தோமையார் கல்லறை அருகே சில மாதங்கள் தங்கி செபித்தார்.

உரோமையில் விட்டுவந்த தோழர்களை அவர் மறக்கவில்லை. அவர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து கையொப்பங்களை மட்டும் வெட்டியெடுத்து, தம் நெஞ்சருகே வைத்துக்கொண்டு நடந்தார். பாதி உலகம் இடையில் இருந்தும் அன்பு குறையவில்லை. ஆனால் செய்தி போய்ச் சேரக் காலம் பிடித்தது. 1553 ஜூனில் புனித இஞ்ஞாசியார், ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி அவரை அழைத்துக் கடிதம் எழுதினார். சவேரியாரோ 1552 டிசம்பர் 3 அன்றே சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்துபோயிருந்தார். இறந்தவரை அழைக்கிறோம் என்று எழுதியவருக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் தூரம் தடுத்தது. நம்மை எது தடுக்கிறது?

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பாகப்பிரிவினையில் ஒரு சொல் தடித்துப்போய், என் அண்ணனோடு இரண்டு வருடம் நான் பேசவில்லை. அவர் இருந்த ஊர் பேருந்தில் ஒரு மணி நேரம்தான். கைப்பேசி என் சட்டைப்பையிலேயே இருந்தது. 'அவரே முதலில் பேசட்டும்' என்று இருந்துவிட்டேன். கடைசியில் நான் போனது அவருடைய அடக்கத் திருப்பலிக்கு. மன்னிப்பைப் பற்றி எத்தனையோ மறையுரை ஆற்றிய நான், அன்று பீடத்தில் நின்று வார்த்தை வராமல் தவித்தேன்.

பீடத்தின்முன் காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனின் மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவரிடம் போகச் சொல்கிறார் ஆண்டவர். தவறு யாருடையது என்று அவர் கேட்கவில்லை. யார் முதலில் எழுந்து போவது என்பதையே சொல்கிறார்.

அந்தப் பாட்டி தினமும் இரவு பேத்தியோடு பேசுகிறார். உரோமை அவருக்குப் பக்கத்து வீடு மாதிரி. நமக்கோ பக்கத்து வீடே உரோமையாக இருக்கலாம். உங்கள் மனதில் இப்போது ஒரு பெயர் வந்திருக்கும். ஞாயிறு வரை தள்ளிப்போடாதீர்கள். இந்த நிகழ்ச்சி முடிந்ததும் அழைத்துப் பேசுங்கள். எழுந்து போக முடிந்தால் போங்கள். மன்னிப்புக் கேட்க வார்த்தை வராவிட்டால், "சாப்பிட்டியா?" என்று கேட்டாலே போதும்.

அந்த முதல் அடியை எடுத்துவைக்கும் மனத்தை இறைவன் நம் ஒவ்வொருவருக்கும் அருள்வாராக. ஆமென்.