அரை நிமிடக் களிப்பு



விலங்குகளின் குறும்பைக் கண்டு களிப்பது நமக்குப் புதிதன்று. குரங்காட்டியின் உடுக்கை ஒலித்தால் தெருவே கூடிய காலம் ஒன்று இருந்தது. இன்று அந்தக் கூட்டம் கைப்பேசிக்குள் கூடுகின்றது. யூடியூப் தளத்தில் 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் முதன்முதலாக ஏற்றப்பெற்ற காணொளியே ஒரு விலங்குக் காட்சிதான். சான் டியேகோ விலங்குக் காட்சிசாலையில், ஜாவேத் கரீம் என்னும் இளைஞர் யானைகளின் முன் நின்று அவற்றின் துதிக்கை நீளத்தை வியக்கின்றார். மொத்தம் 19 விநாடி. அதில் பெரிய அறிவுமில்லை, கலையுமில்லை. ஆயினும் உலகம் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றது.

இக்கவர்ச்சிக்குக் காரணம் யாது? கொன்ராட் லாரன்ஸ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் 1943இல் ஒரு விளக்கம் தந்தார். பெரிய தலை, அகன்ற கண், உருண்ட கன்னம், தடுமாறும் நடை ஆகியன குழந்தைக்குரிய அடையாளங்கள். இவற்றை எவ்வுயிரிடம் கண்டாலும் நம் உள்ளம் குழைந்துவிடுகின்றது என்றார் அவர். இதை நான் குறை கூற வரவில்லை. தேர்வுக்குப் படித்துக் களைத்தவர் அரை நிமிடம் பூனைக்குட்டியைக் கண்டு சிரித்தால் யாருக்கு என்ன நட்டம்?

நட்டம் சிலவேளை அவ்விலங்குக்கே நேர்கின்றது. 2009இல் பரவிய ஒரு காணொளியில், நம் தேவாங்கின் உறவான 'ஸ்லோ லோரிஸ்' என்னும் சிற்றுயிருக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுகின்றனர். அது கைகளை உயரத் தூக்குகின்றது. இன்பத்தில் தூக்கிய கைகள் என்று கண்டோர் மகிழ்ந்தனர். உண்மையில் அது அச்சத்தின் அடையாளம். அவ்வுயிரின் முழங்கை அருகே ஒரு சுரப்பி உண்டு. அதன் நீர் உமிழ்நீரோடு கலந்தால் கடி நஞ்சாகும். அக்கடிக்கு ஆயத்தமாகும் நிலையையே நாம் கொஞ்சலாகக் கொண்டோம். தமக்கும் ஒன்று வேண்டுமென எழுதியோர் பலர். நம் தேவாங்குக்கோ, 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ச் சரணாலயம் அமைந்தது. மெலிந்தவரைத் 'தேவாங்கு' என்று ஏசிப் பழகிய நாம், இனி அதைக் கொஞ்சுவதானால் காட்டிலேயே விட்டுக் கொஞ்சுவோமாக!

இனி நம் ஏலமலைக்கு வருவோம். விடியுமுன் போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் புறப்படும். காயெடுக்கும் பெண்கள் அவற்றில் நெருங்கி அமர்ந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள தோட்டங்களுக்குச் செல்வர். அவ்வழியே அமைந்த சின்னக்கானல் பகுதியில் திரிந்த யானைக்கு அரிக்கொம்பன் என்று பெயர். 'அரி' என்பது மலையாளத்தில் அரிசி. ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர் அது. கைப்பேசியில் கண்டவர்க்கு அவன் ஒரு குறும்புக்காரன். தகரக் கூரையின்கீழ், கதவுக்கு வெளியே மூச்சொலி கேட்டு விழித்திருப்பவர்க்கு அப்பெயர் வாயில் வருமா?

2023 ஏப்ரல் 29ஆம் நாள் அந்த யானைக்கு மயக்க ஊசி செலுத்திப் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டனர். மே 27ஆம் நாள் அது கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. நூற்றுக்கணக்கான கைகளில் கைப்பேசிகள் உயர்ந்தன. தோப்பில் ஒதுங்கி நின்ற யானையைப் படமெடுக்க ஒருவர் டிரோன் கருவியைப் பறக்கவிட, அவ்வொலிக்கு அது மிரண்டது. அவரைக் காவல்துறையினர் கைது செய்தனர். யானையால் காயமுற்ற ஒருவர் சில நாளில் உயிர் நீத்தார். அந்தத் தெருக்காட்சி நாடெங்கும் வேடிக்கையாகப் பார்க்கப்பட்டது. யானை ஓடுவது அதில் தெரிந்தது. அதன் பின்னே எழுந்த கூச்சல் சிலருக்கே செவியில் பட்டிருக்கும்.

ஜூன் 5ஆம் நாள் மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் கோதையாற்றின் மேற்பகுதியில் அதை விட்டனர். பிறகு அரசுத் தரப்பில் ஒரு சிறு காட்சி வெளியாயிற்று. சுற்றிலும் மனிதர் எவருமில்லை. அரிக்கொம்பன் புல்லைப் பிடுங்குகின்றான். தெளிந்த நீரில் அலசுகின்றான். பிறகு நிதானமாகத் தின்கின்றான். கிடைத்தால் அதைப் பாருங்கள்.