மாமாவின் கைக்கடிகாரம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பற்றிப் பேசுமாறே விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். எனக்கு முன் பேசிய அறிஞர்கள் அந்தக் கடனை வட்டியுடன் தீர்த்துவிட்டமையால், நான் ஒரு கைக்கடிகாரத்தைப் பற்றிப் பேச இசைவு கேட்டு வாங்கிக்கொண்டேன். வாழ்நாள் முழுவதும் அலுவலகத்தில் கணக்கெழுதியவன் நான். கடிகாரத் தொழில் எனக்குப் பரம்பரையாக வந்ததன்று. ஆகவே இதனை ஒரு கற்றுக்குட்டியின் வாக்குமூலமாகவே கொள்ள வேண்டுகிறேன்.

என் தாய்மாமன் 1964ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தில்லிக்கு வந்தவர். 1969இல், நிலுவையாய்க் கிடைத்த சம்பளத் தொகையைக் கொண்டு ஒரு எச்.எம்.டி. ஜனதா வாங்கினார். அக்காலத்தில் அஃது எளிதிற் கிடைத்த பொருளன்று. 1961இல் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெங்களூரில் அத்தொழிற்சாலை எழுந்தது. அதன் முதற் கடிகாரங்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. நம் நாட்டிலேயே செய்த கடிகாரத்தைக் கட்டிக்கொள்வது அந்நாளில் ஒரு பெருமிதமாகவே இருந்தது. கைக்கடிகாரப் பிரிவை மூடிவிட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மாமாவின் கடிகாரமோ தன் தாய்வீடு மூடப்பட்டதை அறியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

காலைத் தமிழ்ச் செய்தி கேட்கும்போது அதற்குச் சாவி கொடுத்து மணி திருத்துவது மாமாவின் நித்திய கருமம். ஒரு நாள் அது நின்றுவிட்டது. அடுத்த மாதம் தில்லியை விட்டு ஊரிலுள்ள மகளிடமே போய்விடுவது என்று அவர் முடிவு செய்திருந்த நேரம் அது. ஒரு கடையில் காட்டினோம். உள்ளிருக்கும் இயந்திரத்தை எறிந்துவிட்டு, பாட்டரியில் ஓடும் இயந்திரத்தைப் பொருத்தித் தருவதாகச் சொன்னார்கள். மாமா கடிகாரத்தைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், "கூட்டை அப்படியே வைத்துக் கிளியை மாற்றித் தருவானாம், மருமகனே!" என்றார். வீடு சேரும்வரை வேறு பேச்சில்லை.

அன்றிரவு நான் ஒரு துணிச்சலான காரியம் செய்தேன். "நானே திறந்து பார்க்கட்டுமா, மாமா?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் என் கைவிரல்களையே பார்த்திருந்துவிட்டு, "ஒரு மாதம் இருக்கிறது. அவசரப்படாதே" என்றார்.

அவசரப்படவில்லை. பழைய தில்லிச் சந்தையில் ஓடாத கடிகாரங்கள் இரண்டை வாங்கி, முதலில் அவற்றின்மீது கைபழகினேன். மயிரிழை போன்ற சுருளொன்று உண்டு. அதனை ஹேர்ஸ்பிரிங் என்பர். முதற் கடிகாரத்தில் அதனைப் பாழாக்கினேன். இரண்டாவதைப் பிரித்துப் பூட்டினேன். ஓடவில்லையாயினும் ஒன்றும் உடையவில்லை. இதனையே தேர்ச்சியெனக் கருதி மாமாவின் கடிகாரத்தைத் திறந்தேன்.

மூடியின் உட்புறத்தில், லென்சின் உதவியால் மட்டுமே தெரியும் சிறு கீறல்கள் நான்கு இருந்தன. பழுது பார்ப்பவர்கள் தம் குறியையும் சில எண்களையும் அவ்வாறு கீறி வைப்பது வழக்கம். அவற்றைப் படித்துச் சொன்னேன். நான்கில் மூன்றை மாமா அடையாளம் கண்டார். கரோல் பாக்கில் படிக்கட்டின் கீழ் மேசை போட்டிருந்த ஒரு முதியவரின் கைவேலையாம். நான்காவது யாருடையது என்பது இறுதிவரை அவர் நினைவுக்கு வரவில்லை. அது அவரை இரண்டு நாள் உறுத்திற்று.

நிற்க. கடிகாரம் ஏன் நின்றது? முழுச் சாவி ஏறியிருந்தது. ஆகவே பெரிய ஸ்பிரிங் அறுபடவில்லை. அசைத்தால் சில துடிப்புத் துடித்து ஓய்ந்தது. உள்ளே எண்ணெய் உலர்ந்து பிசினாகியிருந்ததே காரணம். இக்கடிகாரம் மணிக்கு 18,000 முறை துடிப்பது. ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்பு. 17 கல் என்று முகத்தில் எழுதியிருப்பதைக் கண்டு, உள்ளே மாணிக்கம் இருப்பதாக எண்ணி மகிழ்பவர்கள் உண்டு. அவை மாணிக்கமே; ஆயினும் ஆலையிற் செய்த மாணிக்கம். சக்கரங்களின் அச்சு முனை தேயாமற் சுழல்வதற்கென அமைந்தவை. அம்முனைகளுக்கு ஊசி நுனியில் தொட்ட அளவு எண்ணெய் போதும். மிகுந்தால் அதுவே பகை.

முதலில் சாவியின் விசையை மெல்ல இறக்கிவிட வேண்டும். இறக்காமற் பிரித்தால் சக்கரப் பற்கள் உடையும். பாகங்களைக் கழுவ வெள்ளைப் பெட்ரோல் கொண்டேன். ஸ்பிரிட்டில் கழுவலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். நல்லவேளையாக அதற்கு முன்பே படித்திருந்தேன். துடிப்பை விட்டுவிட்டுத் தடுக்கும் நங்கூர வடிவத் துண்டில் பதித்திருக்கும் இரு கற்களையும் பிடித்து நிறுத்துவது நம் பழைய அரக்கேயாகும்! ஸ்பிரிட்டில் அரக்குக் கரையும், கற்கள் கழன்றுபோம்.

இவ்வளவு எச்சரிக்கையாக இருந்தவன், கொக்கியை அழுத்தி நிற்கும் ஒரு சிறு கம்பியிடம் தோற்றேன். சாவி பின்னோக்கித் திரும்பாமல் காப்பது அக்கொக்கி. சிமிட்டாவின் பிடியிலிருந்து கம்பி துள்ளிற்று, மறைந்தது. பெருக்கினேன், குப்பையைத் துணியிலிட்டுச் சலித்தேன், மேசையை நகர்த்தினேன். இரவு பதினொரு மணிக்கு மாமா எழுந்து வந்து வாயிலில் நின்றார். என் முகத்தைக் கண்டே விஷயத்தை அறிந்துகொண்டார். சினங் கொள்வார் என்று எதிர்பார்த்தேன். "விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு படுக்க வை. சின்னப் பொருளுக்கும் நீள நிழல் விழும்" என்றார். அவ்வாறே செய்தேன். அரிசி ஒன்று, என் மனைவியின் தோட்டுத் திருகாணி ஒன்று, இரண்டும் அகப்பட்டன. கம்பி அகப்படவில்லை. மனம் தளர்ந்து எழுந்தபோது, அது என் வேட்டி மடிப்பிலிருந்து விழுந்தது. அன்றுமுதல் ஒரு பழந்துணியின் ஒரு விளிம்பை மேசையிலும், மறு விளிம்பைக் கழுத்திலும் கட்டிக்கொண்டுதான் அமர்கிறேன். நாவிதரிடம் சென்றவன் போலிருப்பதாக வீட்டில் நகைக்கிறார்கள்.

பூட்டி முடித்துச் சாவி கொடுத்தேன். ஓடியது! அடுத்த நாள் பார்த்தால் பதினெட்டு நிமிடம் முந்தியிருந்தது. லென்சு வைத்து நோக்கினேன். என் கைப்பட்ட எண்ணெய் ஹேர்ஸ்பிரிங்கில் படிந்து, இரு சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒட்டினால் சுருளின் நீளம் குறைந்தது போலாகும், துடிப்பு விரையும். மறுபடியும் கழற்றல், கழுவல், உலர்த்தல். அந்த இரு மாலைகளில் நான் பட்ட அச்சத்தை எந்தத் தணிக்கையின்போதும் பட்டதில்லை.

இம்முறை நாளைக்கு இரண்டு நிமிடம் முந்தியது. திருத்தும் நெம்பை இம்மியளவு நகர்த்தினால் அதுவும் சரியாகும் என்று சொல்லி மீண்டும் மூடியைத் திறக்கப் போனேன். மாமா கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"அது வாங்கிய நாள் முதல் இரண்டு நிமிடம் முந்தித்தான் ஓடும். திருத்துவதற்கு ஒன்றும் இல்லையென்றால் காலையில் எழுந்து நான் என்ன செய்ய?"

மூடியைப் பூட்டுமுன், அந்நான்கு கீறல்களின் கீழே என் குறியையும் கீற வேண்டும் என்று அவர் சொன்னார். எனக்கு அதற்குத் தகுதியில்லை என்றேன். "அடுத்துத் திறப்பவனுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். ஊசியால் தேதியை மட்டும் கீறினேன், பெயரெழுத்தை இடவில்லை.

இப்போது மாமா ஊரில் இருக்கிறார். சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது கடிகாரத்தை அதனருகே பிடித்து, "கேட்கிறதா?" என்றார். கேட்கவில்லை. "நேற்று எத்தனை நிமிடம் முந்திற்று, மாமா?" என்று கேட்டேன்.

"ஒன்றே முக்கால்" என்றார்.