கிட்டங்கிக்கும் கணினிக் கணக்கு

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



அறுவடை முடிந்ததும் களத்திலேயே விளைபொருளை விற்றுவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். கடன் நெருக்குவது ஒரு காரணம். கிட்டங்கியில் வைத்த மூட்டை கணக்கு மாறாமல் கைக்கு வருமா என்ற ஐயம் மற்றொரு காரணம். இந்த ஐயம் நியாயமானதே.

உழவர் குழு ஒன்றின் கிட்டங்கியில் நான் கண்டதைச் சொல்கிறேன். பேரேட்டில் உளுந்து 120 மூட்டை இருப்பு. காலையில் ஒருவர் பருப்பு ஆலைக்கு 80 மூட்டை தருவதாக ஒப்புக்கொண்டார். அதை அறியாமல் மாலையில் இன்னொருவர் வியாபாரிக்கு 60 மூட்டை தருவதாக வாக்களித்தார். ஆலைக்கு முன்வரிசைப் புதுச் சரக்கு ஏறியது. மிஞ்சிய 40 மூட்டையும் பின்னால் கிடந்த பழைய சரக்கு. பயறு வண்டு துளைத்திருந்தது. வியாபாரி வெறும் வண்டியோடு திரும்பினார். நட்டம், விளைவித்தவருக்கு!

இதைத் தவிர்க்கவே கிட்டங்கி நிர்வாக மென்பொருள் பயன்படுகிறது. அது செய்யும் வேலைகள் இவை:

1. சரக்கு வரும்போதே உங்கள் பெயர், இரகம், எடை, ஈரப்பதம், தேதி, அட்டி எண் ஆகியவை பதிவாகின்றன. மூட்டையிலோ அட்டியிலோ கோடு அச்சிட்ட சீட்டு ஒட்டப்படுகிறது.

2. ஆலைக்கு 80 மூட்டை என்று பதிந்தவுடன், அவை ஒதுக்கப்பட்டு, விற்கக்கூடிய இருப்பு 40 என்று மாறிவிடும். ஒரே மூட்டையை இருவருக்கு வாக்களிக்க இயலாது.

3. எந்த அட்டியிலிருந்து எடுக்கவேண்டும் என்று காட்டும். முதலில் வந்தது முதலில் வெளியேறும்.

4. ஏற்றும்போது சீட்டைக் கருவியால் படித்துச் சரிபார்ப்பதால் சரக்கு மாறிப்போவது குறையும்.

ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். கணினி நெல்லைக் காயவைக்காது, வண்டையும் கொல்லாது. நீண்டநாள் சேமிக்கும் நெல்லை 12 சதவீத ஈரப்பதத்திற்கும், உளுந்தை 10 சதவீதத்திற்கும் காயவைத்துக் கொண்டுவருவது நம் பொறுப்பு. மேலும், தவறாகப் பதிந்தால் தவறாகவே காட்டும். ஆகவே மாதம் ஒருமுறையேனும் அட்டியை எண்ணி, கணக்கோடு ஒப்பிடவேண்டும்.

கடன் நெருக்கடிக்கும் வழி உண்டு. 2007-ஆம் ஆண்டின் கிட்டங்கி மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு பெற்ற கிட்டங்கிகளில், 2017 முதல் மின்னணு ரசீது வழங்கப்படுகிறது. அதை ஈடாக வைத்து வங்கியில் கடன் பெறலாம். ஈடு வைத்த செய்தி ரசீதுக் கணக்கிலேயே பதிவாவதால், அதே சரக்கை மறுபடி அடகு வைக்கவோ, கடன் தீராமல் வெளியே எடுக்கவோ இயலாது. அதனால் வங்கிக்கும் நம்பிக்கை பிறக்கிறது.

அடுத்த அறுவடைக்கு முன் உங்கள் கிட்டங்கிக்குச் சென்று மூன்று கேள்விகள் கேளுங்கள். பதிவு பெற்றதா? என் சரக்கு எந்த அட்டியில் இருக்கும்? இன்றைய இருப்பை இப்போதே காட்டமுடியுமா? எடைச்சீட்டையும் ஈரப்பதச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

வியர்வை சிந்தி விளைவித்த பொருளுக்கு, விற்கும் நாள்வரை கணக்குக் கேட்பது உங்கள் உரிமை. கேட்டுப் பயன் பெறுங்கள்.